ஸ்டியரிங் கோணலா நிற்குதா? கழற்றும் முன்னே எண்ணிப் பாருங்க



வேன் வைத்துத் தொழில் செய்யும் குழுக்கள் நம் கூட்டமைப்பில் கூடிக்கொண்டே வருகின்றன. சந்தைக்குக் காய்கறி, கடைகளுக்கு மசாலாப் பொடி, கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம் என்று தினமும் எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிகள். பெரும்பாலும் பழைய மாருதி ஆம்னிதான். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த வண்டி அது. 2019-ல் கம்பெனி அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே நம்மிடம் இருக்கும் எந்த ஆம்னியும் புதுசு கிடையாது. கைமாறிக் கைமாறி வந்தவைதான். முன்னால் வைத்திருந்தவர் எதைக் கழற்றினார், எதை எப்படி மாட்டினார் என்பது வண்டிக்குத்தான் தெரியும்.

இந்தப் பாடத்தில் ஸ்டியரிங்கைப் பற்றிப் பார்ப்போம். நேரான ரோட்டில் வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "அது ஒண்ணுமில்லீங்க, கழட்டி நேரா மாட்டினா சரியாப் போயிடும்" என்று சொல்லுவார்கள். சில சமயம் அது உண்மை. சில சமயம் அது உயிருக்கே ஆபத்தான வேலை. இரண்டில் நம் வண்டிக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு டேப்பும் பொறுமையும் போதும்.

"ரிப்பேர் பண்றது மெக்கானிக் வேலைதானே, நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டிக்கடன் நம் குழுவின் பேரில் இருக்கிறது. தவணை நாம் கட்டுகிறோம். ஓட்டுபவரும் பல குழுக்களில் நம்மில் ஒருவர்தான். ஸ்பேனரை நாம் பிடிக்காவிட்டாலும், மெக்கானிக் எதைக் கழற்றப் போகிறார், ஏன் கழற்றுகிறார் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை

ஸ்டியரிங்குக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. ஷாஃப்ட் என்பார்கள். அதன் தலைப்பில் சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். ஸ்டியரிங்கின் நடுத்துளைக்கு உள்ளேயும் அதே மாதிரிப் பற்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, மேலே ஒரு பெரிய நட்டு இறுக்கிப் பிடிக்கும். தண்டு கீழே போய் ராக் என்ற பாகத்தில் சேர்கிறது. நாம் ஸ்டியரிங்கைச் சுற்றினால் ராக் இடமும் வலமுமாக நகரும். ராக்கின் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு கம்பி முன் சக்கரத்துக்குப் போகும். அதுதான் டை ராடு. டை ராடின் நீளத்தை மரை மூலம் கூட்டலாம், குறைக்கலாம். முனையில் இருக்கிற உருண்டை மூட்டுக்கு டை ராடு எண்டு என்று பெயர்.

ஆக, ஸ்டியரிங் கோணலாக நிற்பதற்குக் காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். மேலே, பல்லில் தப்பாக மாட்டியிருக்கலாம். அல்லது கீழே, இரண்டு டை ராடும் ஒரே அளவில் இல்லாமல் இருக்கலாம். கீழே இருக்கும் கோளாறிலும் இரண்டு வகை. மரையில் அளவு மாறியிருந்தால் அலைன்மென்ட் செய்து சரிப்படுத்தலாம். குழியிலோ கல்லிலோ மோதிக் கம்பியே வளைந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். வளைந்த டை ராடை நெருப்பில் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி நிமிர்த்திய இடத்தில் பலம் போய்விடும். ஓடும்போது டை ராடு ஒடிந்தால் அந்தப் பக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அப்புறம் ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நடந்தது ஒன்று

எங்கள் வட்டாரத்தில் ஒரு குழுவின் ஆம்னி, இரவில் வரும்போது சின்னப் பாலத்தின் ஓரக்கல்லில் இடது முன் சக்கரத்தை இடித்துவிட்டது. பெரிய அடி இல்லை. மறுநாள் பார்த்தால் ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். அவர் அரை மணி நேரத்தில் ஸ்டியரிங்கைக் கழற்றி, நேராக வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டார். பார்வைக்கு எல்லாம் சரி. கூலியும் குறைவு.

வண்டி ஓட்டுகிற சகோதரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வலது பக்கம் திரும்பிவிட்டு நேராக வரும்போது இண்டிகேட்டர் தானாக அணையவில்லை. தெருமுனையில் இடப்பக்கம் முன்பு திரும்பின அளவுக்கு இப்போது திரும்பவில்லை, ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் வளைக்க வேண்டியிருந்தது. குழுக் கூட்டத்தில் சொன்னார். "புதுசா ரிப்பேர் பண்ணினது, பழகினாச் சரியாப் போகும்" என்றார்கள். இரண்டு மாதத்துக்குள் முன் டயரின் உள்விளிம்பு நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவர்தான் அதைக் கையால் தடவிக் காட்டி, "அக்கா, இந்த டயரோட பஸ் ரோட்டுக்குப் போகாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். வேறு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் இடது டை ராடு வளைந்திருந்தது தெரிந்தது. டை ராடு, டயர், அலைன்மென்ட், திரும்ப ஸ்டியரிங்கைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டிய கூலி என்று அந்த மாதத் தவணையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வண்டி நின்ற நாலு நாள் வருமானம் தனி.

பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். வளைந்த கம்பியோடு இரண்டு மாதம், சந்தை நாளில் ஆறேழு பெண்களையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி ஓடியிருக்கிறது. ஸ்டியரிங் கோணலாக நின்றது, கீழே அடிபட்டிருக்கிறது என்று வண்டி காட்டிய அடையாளம். அதை நேராக்கியதும் அடையாளம் மறைந்தது, அடி அப்படியே இருந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுச் சூட்டைத் தணித்துவிட்டு உள்ளே இருக்கிற நோயை விட்டுவிடுகிற மாதிரி.

எண்ணிப் பார்க்கும் முறை

முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வையுங்கள். ஒரு டயரில் காற்றுக் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இழுப்பதைச் சமாளிக்க நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்திருப்போம், அதைக் கோணல் என்று நினைத்துக்கொள்வோம். கோணல் வேறு, இழுப்பு வேறு. கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி தானாக ஒதுங்கிப் போனால் அது இழுப்பு. ஸ்டியரிங் சாய்ந்திருந்தும் வண்டி நேராகவே போனால் அது கோணல். காற்றைச் சரிசெய்த பிறகும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில் இருக்கிறது.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத, மட்டமான நேர் ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அதனால் வண்டி இயல்பாகவே கொஞ்சம் இடப்பக்கம் சரியும். முடிந்தவரை மட்டமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை அசைக்காமல் அப்படியே நிறுத்துங்கள். இப்போது ஸ்டியரிங் வட்டத்தின் உச்சியில், அதாவது கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஸ்டியரிங்கின் நடுக்கம்பி எப்படிச் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை. டேப்பு உச்சியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுக்கம்பி எத்தனை நிமிடம் சாய்ந்திருக்கிறது என்பதையும் கடிகாரக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ண வேண்டும். காலி மைதானத்தில் வண்டியை நடை வேகத்தில் நகர்த்திக்கொண்டே, டேப்பு உச்சியில் இருக்கும் நிலையிலிருந்து வலப்பக்கம் கடைசி வரை திருப்புங்கள். எத்தனை முழுச் சுற்று, அதற்கு மேல் எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். உதாரணத்துக்கு, ஒரு முழுச் சுற்று வந்து, மேலும் டேப்பு 8 இருக்கும் இடம் வரை போனால் ஒரு சுற்றும் 40 நிமிடமும். திரும்ப டேப்பை உச்சிக்குக் கொண்டுவந்து இடப்பக்கமும் அதே போல எண்ணுங்கள். இடப்பக்கம் கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு சுற்று முடிந்து டேப்பு 4-ல் நின்றால் அதுவும் 40 நிமிடம்தான். எண்ணிக்கையில் தடுமாற்றம் வருவது இங்கேதான். நிறுத்திவைத்த வண்டியில் பலமாகத் திருப்பி எண்ணாதீர்கள், டயருக்கும் மூட்டுக்கும் கேடு. கடைசியில் முட்டும்போது அழுத்தித் திருகவும் வேண்டாம்.

இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருந்தால் கீழே ராக் நடுவில்தான் இருக்கிறது, சக்கரங்களும் நேராக இருக்கின்றன. கோணல் மேலே, பல்லில் மாட்டியதில் இருக்கிறது. அப்போது ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டலாம்.

எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. கோளாறு கீழே. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழே டை ராடு அளவு மாறியதால் ஸ்டியரிங் 5 நிமிடம் சாய்ந்திருக்கிறது என்றால், ஒரு பக்கம் 5 நிமிடம் கூடும், மறுபக்கம் 5 நிமிடம் குறையும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 10 நிமிடம் வரும். அதாவது கோணலைப் போல இரண்டு மடங்கு. வித்தியாசம் அப்படியே இரண்டு மடங்கு வந்தால் கோணல் முழுவதும் கீழே இருந்து வருகிறது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்கு இல்லை என்றால் கீழேயும் கோளாறு, மேலேயும் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கைமாறிய வண்டிகளில் இதுவும் வரும்.

கோணல் மிகக் குறைவாக, ஒரு நிமிடம் அளவுக்குத்தான் இருக்கிறதென்றால் எண்ணவே வேண்டாம். பல் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் நகர்த்தினாலே 10 டிகிரி திரும்பிவிடும். கடிகாரத்தில் அது ஒன்றரை நிமிடத்துக்கும் மேல். பல்லின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் ஒரு பல்லுக்குக் குறைவாக நகர்த்த எந்த வண்டியிலும் வழி கிடையாது. சின்னக் கோணலை அலைன்மென்ட்டில்தான் எடுக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கை ஆம்னி மாதிரி ராக் உள்ள சின்ன வண்டிகளுக்குத்தான். பெரிய வேன், மினி லாரிகள் சிலவற்றில் திருப்பம் முட்டி நிற்பதற்குச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போல்ட்டு வைத்திருப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு ஏமாற்றும்.

அலைன்மென்ட் கடையில் என்ன கேட்பது

கோளாறு கீழே என்று தெரிந்தால் முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை இடப்புறமும் வலப்புறமும் இரண்டு கையால் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் டை ராடு எண்டு தேய்ந்திருக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் இரண்டையும் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அடுத்த குழியில் போய்விடும். கொடுத்த காசும் போய்விடும்.

அடுத்து இந்தக் கேள்வி: "அண்ணே, ஸ்டியரிங்கை நேரா வெச்சுப் பூட்டிட்டுத்தானே அலைன்மென்ட் பண்ணுவீங்க?" சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து அசையாமல் வைப்பார்கள். அப்படி வைக்காமல் சக்கரத்தை மட்டும் சரிசெய்தால் டயர் தேயாது, ஆனால் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். ஸ்டியரிங்கை நேராக்க ஒரு டை ராடை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு மற்றதைக் குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் முன் சக்கரங்களின் அளவு கெட்டு டயரைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங்கை ஏற்கெனவே பல் மாற்றி மாட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். முதலில் ராக்கை நடுவில் வைத்து, ஸ்டியரிங்கை அதற்கு நேராக மாட்டி, அதன் பிறகுதான் டை ராடைத் தொட வேண்டும். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் என்றால் முன்பு இருந்த அளவு, இப்போதைய அளவு இரண்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். "சீட்டெல்லாம் எதுக்கும்மா?" என்பார்கள். குழுக் கணக்குக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

கழற்றுவது எப்படி

எண்ணிக்கை சமமாக வந்து, கழற்றலாம் என்று முடிவானால் மட்டும் இந்தப் பகுதி. அதற்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் நாமும் தொடக்கூடாது, ரோட்டோர ஒர்க்‌ஷாப்பிலும் தொடவிடக்கூடாது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களுக்கு ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஈக்கோ வேன் வைத்திருக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய ஈக்கோவில் இல்லாமல் இருக்கலாம், புதியதில் உண்டு. அது வெடிமருந்தால் விரிகிற பை. தப்பாகக் கைவைத்தால் முகத்திலேயே விரியும். கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பழைய ஆம்னியில் இந்தத் தொல்லை இல்லை.

வண்டியை மட்டமான இடத்தில், முன் சக்கரம் நேராக இருக்கும்படி, டேப்பு உச்சியில் வரும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை முடியும்வரை ஹாரன் அலறும், ஷார்ட் ஆகவும் கூடும்.

நடுவில் இருக்கிற ஹாரன் மூடியை எடுக்க வேண்டும். சில ஸ்டியரிங்கில் அது கிளிப்பில் நிற்கும், சிலதில் பின்பக்கம் ஸ்குரு இருக்கும். ஸ்குரு இருக்கிறதா என்று பின்னால் தடவிப் பார்க்காமல் நெம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக் படக்கென்று உடையும். உள்ளே ஹாரன் ஒயர், ஸ்பிரிங், சின்னத் தகடு இருந்தால் எது எந்த வரிசையில் வந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெரிய நட்டு தெரியும்.

நட்டில் கைவைக்கும் முன் தண்டின் தலையிலும் ஸ்டியரிங்கின் நடுவிலும் சேர்த்து ஒரே நேர்க்கோடு வரையுங்கள். நெயில் பாலிஷே போதும், எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் அழியாது. நம் வீட்டில் இருக்கிற பொருள்தான். புது இடம் ஒத்துவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக இந்தக் கோடு ஒன்றுதான் வழி.

நட்டைத் தளர்த்தும்போது ஸ்டியரிங்கை இன்னொருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாவியை எடுத்து ஸ்டியரிங் லாக் போட்டு, அந்த லாக்கின் பலத்தில் நட்டைத் திருகுவது தப்பு. உள்ளே இருக்கிற லாக் ஒடிந்தால், ஓட்டும்போது அது எங்கே போய்ச் சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நட்டுக்குச் சரியான அளவு சாக்கெட்டை மட்டும் போடுங்கள். வாய் தேய்ந்த ஸ்பேனர் நட்டின் முனையை வழித்துவிடும்.

இனி மிக முக்கியமான இடம். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். மூன்று நாலு மரை பிடித்திருக்கும்படி விட்டுவையுங்கள். ஸ்டியரிங் வருஷக்கணக்கில் பல்லில் பிடித்துப்போய் இருக்கும். இழுக்க இழுக்க வராமல், திடீரென்று ஒரே வெட்டில் வரும். நட்டு இல்லாவிட்டால் அது நேராக வந்து மூக்கில், பல்லில்தான் அடிக்கும். நட்டு இருந்தால் அதில் தட்டி நின்றுவிடும். உள்ளங்கையால் இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பின்னாலிருந்து தட்டி இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் துரு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அப்படியும் வராவிட்டால் புல்லர் வேண்டும். ஸ்டியரிங்கின் நடுவில் அதற்காகவே மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தால் அதில் போல்ட்டை மாட்டி, நடுத்திருகைத் தண்டின் மேல் இறக்கினால் சுகமாக வந்துவிடும். புல்லர் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் சுத்தியலை எடுப்பார்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். மரை நசுங்கும். அது மட்டுமல்ல, விபத்து நேரத்தில் ஓட்டுபவர் நெஞ்சில் குத்தாமல் மடங்கிக்கொள்ளும்படி செய்த தண்டுகளும் உண்டு. அடித்தால் அந்த மடங்கும் இடம் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது.

வந்த பிறகு நட்டை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மெல்ல வெளியே எடுங்கள். தண்டைச் சுற்றி இண்டிகேட்டரை அணைக்கிற பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பற்களைத் துணியால் துடைத்து உற்றுப் பாருங்கள். பல் மழுங்கியிருந்தாலோ, துளையில் விரிசல் இருந்தாலோ அந்த ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டக்கூடாது.

மாட்டும்போது தண்டு கொஞ்சமும் திரும்பாமல் இருக்க வேண்டும். இண்டிகேட்டர் குச்சி நடுவில், அணைந்த நிலையில் இருக்கட்டும். நடுக்கம்பி மட்டமாக வரும்படி பார்த்து, பல்லில் பல் பொருத்தி உள்ளே தள்ளுங்கள். பல் சரியாக உட்காராமல் நட்டை வைத்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் பல் வெட்டுப்பட்டுவிடும். வாஷர் இருந்தால் மறக்காமல் போட்டு, நட்டை முதலில் விரலால் ஏற்றி, பிறகு டார்க் ஸ்பேனரால் அந்த வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். டார்க் ஸ்பேனர் நம்மிடம் இருக்காது. இந்த ஒரு வேலைக்காகவாவது அது இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் இறுக்கிக்கொள்வதுதான் எங்கள் அபிப்பிராயம். ஸ்டியரிங் நட்டு, கண்ணால் பார்த்துக் கையால் மதிப்புப் போடுகிற நட்டு இல்லை.

ஹாரனை மாட்டி, பேட்டரியை இணைத்த பிறகு நின்ற இடத்திலேயே ஹாரன் அடிக்கிறதா, திரும்பும்போது அடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டுத் திருப்பி, நேராக்கும்போது தானாக அணைகிறதா என்றும் பாருங்கள். ஸ்டியரிங்கை உங்கள் பக்கம் இழுத்து, முன்னே தள்ளிப் பாருங்கள். துளியும் ஆடக்கூடாது. எல்லாம் சரி என்றால் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, புது நிலையில் டேப்பை உச்சிக்கு மாற்றி, இடம் வலம் மறுபடியும் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். சில நாள் ஓடிய பிறகு நட்டின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர், யார் செய்தார், இரண்டு பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் வேன் நோட்டில் எழுதி வைத்தால், ஓட்டுநர் மாறினாலும் விவரம் குழுவிடமே இருக்கும்.

கூட்டத்தில் போட்டுப் பார்க்க

மூன்று வேன்களின் கணக்கைக் கீழே கொடுத்திருக்கிறோம். மூன்றும் நேராக ஓடுகின்றன. மூன்றிலும் ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. ஊக்குநர் வாசிக்க, உறுப்பினர்கள் பதில் சொல்லட்டும்.

முதல் வேனில் கோணல் 5 நிமிடம். வலப்பக்கம் ஒரு சுற்றும் 40 நிமிடமும், இடப்பக்கம் ஒரு சுற்றும் 40 நிமிடமும்.

இரண்டாவது வேனிலும் கோணல் 5 நிமிடம்தான். வலப்பக்கம் ஒரு சுற்றும் 45 நிமிடமும், இடப்பக்கம் ஒரு சுற்றும் 35 நிமிடமும்.

மூன்றாவது வேனில் கோணல் 6 நிமிடம். வலப்பக்கம் ஒரு சுற்றும் 42 நிமிடமும், இடப்பக்கம் ஒரு சுற்றும் 38 நிமிடமும். இதை விலைக்கு வாங்கலாமா என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருக்கிறது, விற்பவர் "அடியே படாத வண்டிங்க" என்கிறார். அவரிடம் என்ன கேட்பீர்கள்?